ஒரே கூடம், பல திரைகள்: மின்னிலக்கத் தொலைக்காட்சியும் சிங்கப்பூர்த் தமிழ் வீடும்



இந்தச் சொற்பொழிவை ஈசூனில் நிகழ்த்தும் வாய்ப்பு கிடைத்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. இந்த ஊரின் பெயரே மொழியைப் பற்றிய ஒரு பாடம். ரப்பர், அன்னாசித் தோட்டங்களால் பெயர்பெற்ற வணிகர் லிம் நீ சூன் அவர்களின் பெயர் தியோச்சூ ஒலிப்பில் ‘நீ சூன்’ ஆனது. அதே எழுத்துகளை மாண்டரின் ஒலிப்பில் படித்தபோது அது ‘ஈசூன்’ ஆனது. இன்று தொகுதியின் பெயர் நீ சூன். நகரின் பெயர் ஈசூன். ஒரே மனிதரின் பெயரை இரண்டு விதமாக உச்சரித்துக்கொண்டே நாம் அன்றாடம் பேருந்தில் ஏறி இறங்குகிறோம். ஒரு சொல்லை எந்த ஒலியில் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கிறோம் என்பது சிறிய செய்தி அன்று என்பதற்கு இந்தப் பெயர்ப்பலகைகளே சான்று.

இவ்வட்டாரத் தமிழருக்கும் நெடிய வரலாறு உண்டு. பக்கத்திலுள்ள செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் 1938ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அங்கே வேலைக்கு வந்தவர்களில் தமிழரும் மலையாளிகளும் கணிசமானோர். தளம் பிரிட்டிஷார் கையைவிட்டு அகன்ற பிறகும் அவர்களின் குடும்பங்கள் வடக்கிலேயே தங்கின. ஈசூன் தொழிற்பேட்டையில் இன்று நிற்கும் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்தின் பங்குனி உத்திரக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தொடர்ச்சி புரியும். அப்படிப்பட்ட குடும்பங்களின் கூடத்தில் இருக்கும் ஒரு பொருளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அது தொலைக்காட்சிப் பெட்டி.

என் கேள்வி எளியது. எல்லாரும் சேர்ந்து பார்த்த ஒரே திரை, ஆளுக்கொரு திரையாகப் பிரிந்துவிட்ட இக்காலத்தில், வீட்டுத் தமிழுக்கு என்ன நேர்கிறது? தொலைக்காட்சியின் சமூக, பண்பாட்டு எதிர்காலத்தைப் பற்றி உலக ஆய்வாளர்கள் அரை நூற்றாண்டாக எழுதிவருகிறார்கள். அந்த ஆய்வுகளின் துணையோடு நம் வீட்டுக் கூடத்தை ஒருமுறை நிதானமாகப் பார்ப்போம்.

சமூக நிலையத்திலிருந்து வீட்டுக் கூடத்துக்கு

சிங்கப்பூரில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1963ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் மாலை தொடங்கியது. அதைத் தொடங்கிவைத்தவர் அன்றைய கலாசார அமைச்சர் எஸ். இராஜரத்தினம். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்தவர். அதே ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் முறையான சேவை தொடங்கியது. அப்போது பெரும்பாலான வீடுகளில் பெட்டி இல்லை. சமூக நிலையங்களில் வைக்கப்பட்ட பெட்டிகளின் முன்னே கம்பத்து மக்கள் கூடினார்கள். சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் ஒரே பெட்டியைப் பார்த்தார்கள். புரியாத மொழி நிகழ்ச்சியையும் பார்த்தார்கள். தமிழ் நிகழ்ச்சிக்கு உரிய நேரம் வந்தபோது தமிழர் முன்வரிசைக்கு நகர்ந்தார்கள்.

வானொலியைப் போலவே தொலைக்காட்சியும் நான்கு மொழிகளுக்கும் இடம் தர வேண்டிய கருவியாக இருந்தது. தமிழுக்குக் கிடைத்த நேரம் குறைவு. பிற மொழி நிகழ்ச்சிகளோடு நேரத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் அந்தக் குறைவில் ஒரு விந்தையும் இருந்தது. வாரத்தில் சில மணி நேரமே வந்த தமிழ் நிகழ்ச்சிகளை ஏறத்தாழ எல்லாத் தமிழ்க் குடும்பங்களும் ஒரே வேளையில் பார்த்தன. மறுநாள் தேக்காச் சந்தையிலும் தமிழ்ப்பள்ளி வகுப்பறையிலும் அதைப் பற்றிப் பேசுவதற்கு எல்லாரிடமும் ஏதோ ஒன்று இருந்தது.

1974ஆம் ஆண்டு வண்ண ஒளிபரப்பு வந்தது. 1980ஆம் ஆண்டு சிங்கப்பூர் ஒலி, ஒளிபரப்புக் கழகம் உருவானது. 1990களின் நடுவில் கம்பிவடத் தொலைக்காட்சி வந்ததும், 1993ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய சன் தொலைக்காட்சி போன்ற தமிழக ஒளிவழிகள் கட்டணச் சேவைவழி நம் வீடுகளை எட்டத் தொடங்கின. 2000ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் ‘வசந்தம் சென்ட்ரல்’ என்ற பெயரில், ஒரே ஒளிவழியை வேறு நிகழ்ச்சிகளோடு பங்கிட்டுக்கொண்டு தமிழ் ஒளிபரப்பு ஓர் அடையாளம் பெற்றது. 2008ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் ‘வசந்தம்’ தனி ஒளிவழியானது. 45 ஆண்டுகள் கழித்துத் தமிழுக்குச் சொந்தக் கூரை கிடைத்தது.

அந்தக் கூரை கிடைத்த காலத்திலேயே வீடு மாறத் தொடங்கிவிட்டது என்பதுதான் நம் கதையின் சிக்கல்.

இரண்டு மாற்றங்கள்

மின்னிலக்கத் தொலைக்காட்சி என்ற ஒரே சொல்லில் இரண்டு வேறு மாற்றங்களை நாம் அடக்கிவிடுகிறோம். அவற்றைப் பிரித்தறிவது நல்லது.

முதல் மாற்றம் ஒளிபரப்புத் தொழில்நுட்பத்தில் நிகழ்ந்தது. பழைய அனலாக் முறையில் ஓர் அலைவரிசை ஒரே ஓர் ஒளிவழியைத்தான் சுமந்தது. படத்தையும் ஒலியையும் எண்களாக மாற்றிச் சுருக்கி அனுப்பும் மின்னிலக்க முறையில் அதே அகலத்தில் பல ஒளிவழிகள் செல்லும். படம் தெளிவாகும், நிகழ்ச்சி அட்டவணை திரையிலேயே வரும், ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் வசனவரிகளையும் அனுப்ப இயலும். 2013ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் மீடியாகார்ப் நிறுவனம் தன் ஏழு இலவச ஒளிவழிகளையும் மின்னிலக்க முறையில் ஒளிபரப்பத் தொடங்கியது. அனலாக் ஒளிபரப்பை 2017ஆம் ஆண்டின் இறுதியில் நிறுத்துவதாக முதலில் திட்டம். மாறாத குடும்பங்கள் இன்னும் இருந்ததால் 2018ஆம் ஆண்டு டிசம்பர் இறுதிவரை அது நீட்டிக்கப்பட்டது. வசதி குறைந்த குடும்பங்களுக்குப் பெட்டியும் ஆன்டெனாவும் இலவசமாகப் பொருத்தித் தரப்பட்டன. கட்டணத் தொலைக்காட்சி இல்லாத வீவக வீடுகளுக்கு 100 வெள்ளிப் பற்றுச்சீட்டும் கிடைத்தது.

அந்த நாள்களில் என் தாயார் குடியிருக்கும் அடுக்குமாடியில் ஒரு மூதாட்டியைச் சந்தித்தேன். புதுப் பெட்டியைப் பொருத்தியாயிற்றா என்று கேட்டேன். “பொருத்தியாச்சு தம்பி. படம் கண்ணாடி மாதிரி இருக்கு. ஆனா முன்ன மூணு பேர் பார்த்தோம். இப்ப நான் மட்டும்தான் பார்க்கிறேன்” என்றார். அவர் மகனும் பேத்தியும் அதே வீட்டில்தான் இருந்தார்கள். ஆளுக்கொரு கைப்பேசியோடு ஆளுக்கோர் அறையில் இருந்தார்கள். நான் இன்று சொல்லவிருப்பது அனைத்தும் அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தின் விளக்கவுரைதான்.

அவர் குறிப்பிட்டது இரண்டாவது மாற்றம். அது இணையவழி வந்தது. விரும்பிய நேரத்தில் விரும்பியதைப் பார்க்கும் பழக்கம் அது. மீடியாகார்ப்பின் இணையச் சேவை 2013ஆம் ஆண்டு ‘டோகல்’ என்ற பெயரில் தொடங்கி 2020ஆம் ஆண்டு ‘மீவாட்ச்’ ஆனது. யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் முதலான உலகத் தளங்களும் அதே கைப்பேசியில் அடுத்தடுத்த சதுரங்களாக அமர்ந்தன. இவ்விரு மாற்றங்களுக்கும் உள்ள தொடர்பு ஒன்றைச் சொன்னால் நீங்கள் வியப்படைவீர்கள். அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டதால் காலியான 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை கைத்தொலைபேசிச் சேவைகளுக்குச் சென்றது. கூடத்துப் பெட்டி காலிசெய்த இடத்தில் கைப்பேசி குடியேறியது என்பது உவமை மட்டும் அன்று. வானலையில் உள்ளபடியே நடந்த நிகழ்ச்சி.

ஆய்வாளர்கள் என்ன கேட்டார்கள்?

தொலைக்காட்சி ஆய்வில் மூலநூல்களுள் ஒன்று, வேல்ஸ் நாட்டில் பிறந்த ரேமண்ட் வில்லியம்ஸ் 1974ஆம் ஆண்டு வெளியிட்ட நூல். கருவி தானாகச் சமூகத்தை மாற்றிவிடுகிறது என்ற கருத்தை அவர் ஏற்கவில்லை. ஒரு சமூகம் எதற்காக ஒரு கருவியை விரும்புகிறது, யார் அதை நடத்துகிறார்கள், எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பனவே விளைவைத் தீர்மானிக்கும் என்றார். தொலைக்காட்சியின் தனிப் பண்பாக அவர் கண்டது அதன் ஓட்டம். செய்தி, விளம்பரம், நாடகம், மீண்டும் செய்தி என்று ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நீரோட்டத்தில் பார்ப்பவர் இறங்கிவிடுகிறார். அந்த ஓட்டத்தில்தான் நாம் தேடிப்போகாத தமிழும் நம்மிடம் வந்தது. நாடகம் பார்க்க உட்கார்ந்த சிறுவன் செய்தியையும் கேட்டான். செய்திக்காகக் காத்திருந்த தாத்தா பேரனுக்கான நிகழ்ச்சியையும் பார்த்தார். விரும்பியதை மட்டும் பார்க்கும் இக்காலத்தில் தற்செயல் என்ற அந்த ஆசிரியர் வேலையிழந்துவிட்டார்.

1986ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக்காக டேவிட் மோர்லி தென் லண்டனில் 18 குடும்பங்களைச் சந்தித்து, தொலைக்காட்சியை வீட்டில் எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஆராய்ந்தார். தொலைவியக்கி யார் கையில் இருக்கிறதோ அவர் கையில் வீட்டு அதிகாரமும் இருக்கிறது என்று கண்டார். பெரும்பாலும் அது தந்தையின் கையில் இருந்தது. கூட்டுப் பார்வையைப் பற்றிப் பேசும்போது நாம் இதை மறக்கலாகாது. அந்தக் காலத்துக் கூடம் பொற்காலக் கூடம் அன்று. பெண்கள் சமையலறை வாயிலில் நின்றபடி பார்த்த வீடுகள் நம்மிலும் உண்டு. ஆளுக்கொரு திரை வந்தது பலருக்கு விடுதலையாகவும் இருந்தது. மருமகளும் மகளும் தமக்கு விருப்பமானதைப் பார்க்கும் உரிமையை எவரும் திரும்பப் பெற முடியாது, பெறவும் கூடாது.

தாமர் லீப்ஸும் எலிஹு காட்ஸும் 1990ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவையானது. ‘டாலஸ்’ என்ற அமெரிக்கத் தொடரை இஸ்ரேலில் வாழும் வெவ்வேறு சமூகத்தாரும் அமெரிக்கரும் ஜப்பானியரும் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று அவர்கள் கேட்டார்கள். நண்பர்களையும் உறவினரையும் ஒரே வீட்டில் சேர்த்து உட்காரவைத்து, பார்த்த பிறகு கதையைச் சொல்லச் சொன்னார்கள். ஒரே கதையை ஒவ்வொரு சமூகமும் வெவ்வேறு கதையாகச் சொன்னது. அரபு மக்கள் குடும்ப உறவுகளின் வரிசையில் சொன்னார்கள். ரஷ்யாவிலிருந்து குடியேறியவர்கள் தயாரிப்பாளரின் உள்நோக்கத்தைச் சந்தேகித்தார்கள். பொருள் திரையில் மட்டும் இல்லை. பார்த்தவர்கள் பேசிக்கொள்ளும் பேச்சில் உருவாகிறது என்பது அவர்கள் முடிவு. இந்த முடிவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

தமிழ்நாட்டைப் பற்றியும் ஒரு சான்று உண்டு. ராபர்ட் ஜென்சனும் எமிலி ஆஸ்டரும் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக்காகத் தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து இந்தியப் பகுதிகளின் ஊர்களில், கம்பிவடத் தொலைக்காட்சி வருவதற்கு முன்னும் பின்னும் பெண்களின் நிலையை ஒப்பிட்டார்கள். தொலைக்காட்சி வந்த ஊர்களில், மனைவியை அடிப்பதை ஏற்கும் மனப்பான்மை குறைந்தது. ஆண் பிள்ளையே வேண்டும் என்ற விருப்பம் தளர்ந்தது. பெண்களின் தன்னுரிமை கூடியது. திரையில் தோன்றும் வாழ்க்கை, பார்க்கும் வாழ்க்கையை மாற்றவல்லது. அப்படியானால் திரையில் எந்த ஊரின் வாழ்க்கை, எந்த மொழியில் தோன்றுகிறது என்பதும் முக்கியமாகிறது.

எண்கள் சொல்வது

நம் நிலையை எண்களில் பார்ப்போம். 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளில் 3.3 விழுக்காட்டினர் வீட்டில் ஆக அதிகமாகப் பேசும் மொழி தமிழ் என்றார்கள். 2020ஆம் ஆண்டு அது 2.5 விழுக்காடாகக் குறைந்தது. அதே பத்தாண்டில், வீட்டில் ஆங்கிலமே முதன்மை மொழி என்ற இந்தியர்களின் விகிதம் 41.6 விழுக்காட்டிலிருந்து 59.2 விழுக்காடாக உயர்ந்தது. தமிழுக்குத் தனி ஒளிவழி இருந்த பத்தாண்டும், மின்னிலக்க ஒளிபரப்பு வந்த பத்தாண்டும் அதுவே.

இதற்குத் தொலைக்காட்சியைக் குற்றஞ்சாட்டுவது எளிது; நியாயமாகாது. பள்ளி, பணி, கலப்பு மணம், குடிவரவு என்று காரணங்கள் பல. ஆயினும் தனி ஒளிவழி இருந்தால் மொழி தானே வாழ்ந்துவிடும் என்ற நம்பிக்கையை இவ்வெண்கள் அசைக்கின்றன.

வேல்ஸ் நாட்டின் அனுபவமும் இதையே சொல்கிறது. வெல்ஷ் மொழிக்குத் தனித் தொலைக்காட்சி வேண்டும் என்பதற்காக, அரசியல் தலைவர் குவின்ஃபர் எவன்ஸ் 1980ஆம் ஆண்டு சாகும்வரை உண்ணாநோன்பிருக்கப் போவதாக அறிவித்தார். அரசாங்கம் இறங்கிவந்தது. 1982ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் எஸ்4சி ஒளிவழி தொடங்கியது. அந்த ஒளிவழி நல்ல நாடகங்களையும் செய்தியையும் குழந்தை நிகழ்ச்சிகளையும் தந்தது. ஆயினும் வேல்ஸில் வெல்ஷ் பேசத் தெரிந்தோர் 2001ஆம் ஆண்டு 20.8 விழுக்காடு, 2011இல் 19, 2021இல் 17.8. ஒளிவழி இல்லாதிருந்தால் நிலை இன்னும் மோசமாகியிருக்கலாம். ஆனால் ஒளிவழி மட்டும் போதவில்லை.

ஏன் போதவில்லை என்பதற்கு மொழியியல் அறிஞர் ஜோஷுவா ஃபிஷ்மன் 1991ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விடை தந்தார். தேய்ந்துவரும் மொழிகளை மீட்பதற்கு எட்டுப் படிநிலைகளை அவர் வகுத்தார். ஊடகங்கள் மேற்படிகளில் இருக்கின்றன. ஆனால் எல்லாவற்றையும் தாங்கும் படி ஒன்றுதான்: வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் பெரியவர்கள் பிள்ளைகளிடம் அம்மொழியில் பேசுவது. அந்தப் படி இல்லாமல் ஊடகத்தில் பணத்தையும் உழைப்பையும் கொட்டுவது, ஓட்டையுள்ள குடத்தில் நீர் ஊற்றுவதற்கு ஒப்பாகும்.

ஃபிஷ்மனையும் லீப்ஸ், காட்ஸ் இருவரையும் சேர்த்துப் படித்தால் நம் மூதாட்டி சொன்னதன் பொருள் விளங்கும். தமிழ்த் தொலைக்காட்சி நம் வீட்டுக்குத் தந்த பெரிய கொடை, நிகழ்ச்சி மட்டும் அன்று. நிகழ்ச்சியைச் சாக்காக வைத்துக்கொண்டு பாட்டியும் பேத்தியும் பேசிய பேச்சு. “இவன் ஏன் பாட்டி அழுகிறான்?” என்ற கேள்வி. “அவன் அண்ணன் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான்” என்ற பதில். கூட்டுப் பார்வை கலைந்தபோது திரையில் தமிழ் அப்படியே இருந்தது. திரைக்கு முன்னால் நடந்த தமிழ்தான் நின்றுபோனது.

ஏன் உள்ளூர்த் தமிழ்?

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் எழும். தமிழ்நாட்டிலிருந்து நூற்றுக்கணக்கான மணி நேரத் தமிழ் நிகழ்ச்சிகள் விரல்நுனியில் கிடைக்கின்றன. முன்னெப்போதும் இல்லாத வளம் இது. அப்படியிருக்க ஏன் கவலை என்று கேட்கலாம். அந்த வளத்தை நானும் போற்றுகிறேன். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் நடந்து பாருங்கள். வேலை ஓய்ந்த ஊழியர் ஒருவர் திடலில் அமர்ந்து தஞ்சாவூரிலோ புதுக்கோட்டையிலோ இருக்கும் தம் மகளோடு காணொளியில் பேசுவார். பேசி முடித்ததும் அதே கைப்பேசியில் தமிழ்ப் பாட்டுப் போட்டி பார்ப்பார். அவருக்கு அந்தத் திரை ஊரின் வாசல்.

ஆனால் இங்கே பிறந்து வளரும் பிள்ளைக்குத் தன் வாழ்க்கையைத் தமிழில் சொல்லும் சொற்கள் வேண்டும். வீவக, உயர்நிலைப் பள்ளி, தேசியச் சேவை, சமூக மன்றம், மத்திய சேமநிதி, ஒளிவழி, மின்னிலக்கம் முதலிய சொற்கள் இங்கே புழங்கும் தமிழ். அவற்றைச் செய்தியிலும் நாடகத்திலும் அன்றாடம் ஒலிக்கச் செய்வது உள்ளூர் ஊடகம்தான். 2020ஆம் ஆண்டு ஏப்ரலில், கிருமிப்பரவலைத் தடுக்க எல்லாரும் வீட்டிலேயே இருக்கக் கேட்டுக்கொள்ளப்பட்ட நாள்களை நினைத்துப் பாருங்கள். எந்தக் கடை திறந்திருக்கும், எப்போது மருத்துவரைப் பார்க்கலாம், பேரப்பிள்ளைகள் வீட்டுக்கு வரலாமா என்ற விவரங்களை நம் மூத்தோருக்கு அவர்களுடைய மொழியில் சொல்ல எந்த உலகத் தளமும் வரவில்லை. உள்ளூர்த் தமிழ்ச் செய்தி வந்தது.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்க மொழியியலாளர் ஹெரால்ட் ஷிஃப்மன் 2003ஆம் ஆண்டு சிங்கப்பூர்த் தமிழைப் பற்றி எழுதிய கட்டுரையில், பள்ளி கற்பிக்கும் எழுத்துத் தமிழுக்கும் வீட்டில் பேசும் தமிழுக்கும் இடையிலுள்ள தொலைவு பிள்ளைகளை மொழியிலிருந்து விலக்குகிறது என்று சுட்டினார். 2005ஆம் ஆண்டுப் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் உரிய இடம் தரப்பட்டது. வகுப்பறைக்கு வெளியே இரண்டு தமிழையும் ஒரே மாலையில், ஒரே இடத்தில் கேட்கும் வாய்ப்பைத் தந்தது தொலைக்காட்சி. செய்தியில் எழுத்துத் தமிழ்; நாடகத்தில் பேச்சுத்தமிழ். எந்த இடத்தில் எதைப் பேசுவது என்ற நுண்ணுணர்வை இலக்கண நூலைவிட அந்த ஒரு மாலைப் பொழுது நன்றாகக் கற்பித்தது.

பரிந்துரைக்கும் இயந்திரம்

ஒளிவழியில் நிகழ்ச்சி வரிசையை ஒரு மனிதர் அமைத்தார். நான்கு மொழிகளுக்கும் இடம் தர வேண்டும் என்ற பொதுக் கடமை அவருக்கு இருந்தது. இணையத் தளத்தில் அடுத்து எதைக் காட்டுவது என்பதைக் கணிப்பது ஒரு செயல்நிரல். நாம் எதைத் தொட்டோம், எவ்வளவு நேரம் பார்த்தோம் என்பதே அதற்குத் தெரிந்த கடமை. வீட்டில் ஆங்கிலம் பார்க்கும் பிள்ளைக்கு அது மேலும் ஆங்கிலம் தரும். தமிழ் பார்க்கும் பாட்டிக்கு மேலும் தமிழ் தரும். இருவரையும் ஒரே நாற்காலியில் உட்காரவைக்க அதற்கு எந்தக் காரணமும் இல்லை. அது தமிழுக்குப் பகை அன்று. நம் பழக்கத்தின் கண்ணாடி. பழக்கம் ஒருபக்கம் சாய்ந்தால் கண்ணாடி அந்தச் சாய்வைப் பெரிதாக்கிக் காட்டும்.

அதே கருவியில் நன்மைகளும் உண்டு. நிறுத்தி வைத்துக் கேட்கலாம்; புரியாத வசனத்தை மீண்டும் போடலாம்; வசனவரிகளை விரும்பிய மொழியில் வைக்கலாம். தமிழ் தடுமாறும் பதின்மவயதினர் ஒருவருக்கு, தமிழ் ஒலியும் தமிழ் வசனவரியும் சேர்ந்து வரும் நாடகம் சிறந்த வாசிப்புப் பயிற்சி ஆகலாம். பழைய ஒளிபரப்பில் இந்த வசதி இருந்ததில்லை. கருவி திறந்து வைத்திருக்கும் வாசல்வழி நாம்தான் நுழைய வேண்டும்.

செய்ய வேண்டியவை

இறுதியாக, ஆய்வாளர்களுக்கும் நிறுவனங்களுக்கும் குடும்பங்களுக்கும் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

முதலாவது, ஆய்வு. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு விளம்பரதாரருக்குப் போதும். மொழிக்கு வேண்டிய கணக்கு வேறு: யாரோடு பார்த்தார்கள், பார்த்த பிறகு எந்த மொழியில் பேசினார்கள்? நம் பல்கலைக்கழக மாணவர்கள் ஈசூன், உட்லண்ட்ஸ், பிடோக் என்று சில பேட்டைகளில், மோர்லி செய்ததுபோல் இருபது குடும்பங்களையாவது ஓராண்டு தொடர்ந்து சந்தித்து எழுதினால், பத்துக் கருத்தாய்வுகள் சொல்லாததை அது சொல்லும்.

இரண்டாவது, ஆவணம். 2015ஆம் ஆண்டு, சிங்கப்பூரின் பொன்விழாவையொட்டி, அருண் மகிழ்நன் தலைமையில் தொண்டூழியர்களும் தேசிய நூலக வாரியமும் இணைந்து, ஐம்பதாண்டுத் தமிழ் இலக்கிய நூல்களை மின்னிலக்கமாக்கிச் சமூகத்துக்கு அளித்தனர். பின்னர் நாடகம், நடனம், இசை ஆகியவற்றுக்கும் அப்பணி விரிந்தது. தொலைக்காட்சித் தமிழுக்கும் அத்தகைய அக்கறை வேண்டும். பிபிசி போன்ற பெரிய நிறுவனமே 1960களின் ஒளிநாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தியதால், ‘டாக்டர் ஹூ’ தொடரின் பல பகுதிகளை இழந்து இன்றும் தேடிக்கொண்டிருக்கிறது. நம் பழைய நாடகங்களும் செய்தித் தொகுப்புகளும் கலந்துரையாடல்களும், இங்கே தமிழ் எப்படிப் பேசப்பட்டது என்பதற்கான ஒலிச்சான்றுகள். எஞ்சியிருப்பவை பெட்டகத்தில் இருந்தால் மட்டும் போதாது. ஆசிரியரும் மாணவரும் எளிதில் எடுத்துப் பயன்படுத்தும்படி திறக்கப்பட வேண்டும். உங்கள் வீட்டு அலமாரியில் பழைய ஒளிநாடா இருந்தால் தூக்கி எறியாதீர்கள்.

மூன்றாவது, வீடு. எல்லாரும் எப்போதும் ஒரே திரை முன் அமர்ந்த காலம் திரும்பாது. திரும்ப வேண்டியதும் இல்லை. வாரத்தில் ஒரு மணி நேரம் போதும். ஒரு வாரம் பேத்தி தேர்ந்தெடுக்கட்டும். மறுவாரம் பாட்டி தேர்ந்தெடுக்கட்டும். பேத்தி தேர்ந்தெடுப்பது ஆங்கிலத் தொடராக இருந்தாலும் பரவாயில்லை. அதைப் பற்றிய பேச்சு தமிழில் நடக்கட்டும். பொருள் பேச்சில்தான் பிறக்கிறது என்று ஆய்வாளர்கள் கண்டதை நாம் நம் வீட்டில் பயன்படுத்திக்கொள்வோம். துணையின்றி வாழும் மூத்தோருக்குச் சமூக மன்றங்களும் மூத்தோர் நிலையங்களும் அந்த ஒரு மணி நேரத்தை ஏற்படுத்தித் தரலாம். 1963இல் சமூக நிலையத்துப் பெட்டி முன்னே கூடியவர்களில் சிலர் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் அருகே பள்ளிப் பிள்ளைகளை அமரவைத்து, பழைய நிகழ்ச்சி ஒன்றைப் போட்டுவிட்டு, “அந்தக் காலத்தில் எப்படிப் பார்த்தீர்கள்?” என்று கேட்கச் சொன்னால் போதும். மீதியை அவர்கள் பேசிக்கொள்வார்கள்.

அன்பர்களே, அனலாக் ஒளிபரப்பு நிறுத்தப்படும் நாளை அரசாங்கம் முன்கூட்டியே அறிவித்தது. கால அவகாசம் தந்தது; உதவி தந்தது; தயங்கியவர்களுக்காக ஓராண்டு காத்திருந்தது. ஒரு வீட்டில் தமிழ்ப் பேச்சு நின்றுபோகும் நாளை எவரும் அறிவிப்பதில்லை. அது அறிவிப்பின்றி, யாரும் கவனிக்காத ஒரு மாலையில் நிகழ்ந்துவிடுகிறது. அந்த மாலை நம் வீட்டில் வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நம்முடையது. இன்று வீடு திரும்பியதும், கூடத்தில் தனியே பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர் பக்கத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள். திரையில் என்ன நடக்கிறது என்று தமிழில் கேளுங்கள்.